பத்து முடியும் ஒரு புழுவும்

காலை 6.10, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையம். பையில் இருந்தவை: மூடி போட்ட கண்ணாடிப் புட்டிகள் பன்னிரண்டு, எத்தனால் அரை லிட்டர், இடுக்கி, அளவுகோல், கைலென்ஸ், பென்சில், மாற்றுத்துணி. வெள்ளிமலைக்கு டிக்கெட் நாற்பது ரூபாய். நடத்துநர் மூக்கைச் சுளித்து, "இன்னாம்மா வாடை இது?" என்றார்.

"புழுவைப் போட்டு வைக்கிற சாராயங்க."

"புழுவுக்குமா!" என்று சிரித்துக்கொண்டே முன்னால் போனார்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டியதும் மலை தொடங்கிவிட்டது. வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். பதினான்காவதில் குமட்டல் வந்து கணக்கு விட்டுப்போயிற்று.

8.40, வெள்ளிமலை. அங்கிருந்து மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் நடை. ஊரின் பெயரை எழுதப்போவதில்லை; இதில் வருகிறவர்கள் இன்னும் அங்கேதான் தண்ணீர் எடுக்கிறார்கள். நான் தேடிப்போனது குதிரைமுடிப் புழு. நன்னீரில் நெளியும், பார்க்க ஒரு முடியைப் போலவே இருக்கும். ஆய்வகத்தில் சேமிப்புப் புட்டிகளுக்குப் பெயர் ஒட்டும் வேலை எனக்கு. புட்டிக்கு வெளியே அதை நான் பார்த்ததில்லை.

வழியில் இரண்டு குடங்களோடு கஸ்தூரி எதிர்ப்பட்டாள். இருபது வயதிருக்கும், ஐந்து மாதக் கர்ப்பம். முழங்காலைத் தொடும் பின்னல். ஊருக்குள்ளேயே ஊற்று இருக்க, சறுக்கும் பாறைகளில் இறங்கிக் கீழ் ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"மேல ஊத்துல எனக்குத் தண்ணி கெடையாதுக்கா. என் முடிதான் புழுவா மாறுதாம்."

அந்த ஊரில் சீவிய முடியைக் கண்ட இடத்தில் போடக்கூடாது. சுருட்டி, மூன்று முறை துப்பி, முள்வேலியில் செருக வேண்டும். கச்சிராயபாளையம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த கஸ்தூரிக்கு இது தெரியாது. வந்த புதிதில் ஊற்றிலேயே தலையை அலசிவிட்டாள். அடுத்து வந்த மழைக்குத் தண்ணீரில் புழு நெளிந்தது.

11.00, மேல் ஊற்று. முறைவைத்துத் தண்ணீர் விடும் சின்னப்பொண்ணு அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் பார்த்துக்கொண்டிருக்க, ஏழு புழுக்களை எடுத்து அளந்தேன். சிறியது பதினான்கு சென்டிமீட்டர், பெரியது முப்பத்தொன்று. மூன்றுக்கு வால்நுனி கவடு போல் பிளந்திருந்தது. அவை ஆண்கள். பிளவில்லாத நான்கும் பெண்களா, வேறொரு இனமா? தோலின் நுண்மேடுகளைப் பெரிய நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். குறிப்பேட்டில் கேள்விக்குறி போட்டேன்.

"அவ வந்தப்புறந்தான் ஜாஸ்தி" என்றார் சின்னப்பொண்ணு அம்மா.

முடி புழுவாகாது என்றேன். முட்டை தண்ணீரில் பொரியும். குஞ்சு, கொசுப்புழு மாதிரியான நீர்ப்பூச்சிக்குள் புகுந்து காத்திருக்கும். அந்தப் பூச்சி இறக்கை முளைத்துக் கரையேறியதும் கும்பிடுபூச்சியோ வெட்டுக்கிளியோ அதைத் தின்னும். அதன் வயிற்றில் புழு வளரும். வளர்ந்தபின் அந்தப் பூச்சியைத் தண்ணீரில் குதிக்கவைத்துவிட்டு வெளியே வரும். மனித உடம்பில் வாழாது.

"வெளிய வர்றத நீ கண்ணால பாத்தியா?"

"படத்துல பாத்திருக்கேன்."

"படத்துல!" சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

எனவே ஒரு சோதனை. ஊற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஒரு வாளியில் நிரப்பினேன். கஸ்தூரியை வரச்சொல்லி, அவள் சீப்பிலிருந்து பத்து முடியை எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணிப் போட்டேன். வாளி ஊற்றங்கரையிலேயே இருக்கட்டும், காலையில் பார்க்கலாம் என்று முடிவானது. அன்று கஸ்தூரி வீட்டில் தங்கினேன். வாளியை மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

மறுநாள் காலை 6.15. வாளியில் ஒரு புழு நெளிந்துகொண்டிருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீரில் தத்தளித்த கும்பிடுபூச்சி ஒன்றை, இடைஞ்சல் என்று இடுக்கியால் எடுத்துக் கல்மேல் போட்டுவிட்டு முடிகளை எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான்.

"பத்துல ஒண்ணு போச்சு, புழு ஒண்ணு வந்துச்சு. கணக்கு சரியாத்தான கீது?" என்றார் சின்னப்பொண்ணு அம்மா.

படித்ததெல்லாம் நினைவிலிருந்தது; எதிரே ஒன்பதும் ஒன்றும் இருந்தன. கஸ்தூரி தன் பின்னலைக் கையில் பிடித்துப் பார்த்தாள். "எனக்கே பயமா கீதுக்கா" என்றாள். பிறகு கீழ் ஓடைக்குப் போகக் குடங்களைத் தூக்கக் குனிந்தவள், கல்லருகே அப்படியே நின்றாள்.

"அக்கா, இத்த வந்து பாரு."

கும்பிடுபூச்சி இன்னும் உயிரோடிருந்தது. வயிறு காலிப்பை போல் தொங்கியது. நுனியில் ஒரு கிழிசல். கும்பிட்ட கைகளின் முட்களில் சிக்கி, ஈரத்தோடு, ஒரு நீள முடி. பத்தாவது.

சின்னப்பொண்ணு அம்மா உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். "அடப் பாவி, வயித்துல இத்த வச்சிக்கினுதான் கும்புட்டுக்கினு திரிஞ்சியா?" என்று பூச்சியைக் கேட்டார். பிறகு கஸ்தூரியிடம் திரும்பினார்.

"இன்னாடி நிக்கிற? கொடத்த வரிசைல வை. தலய மட்டும் இங்க அலசாத."

என்னை நம்பினாரா, பூச்சியை நம்பினாரா, புழு என்றைக்கும் வரும் என்று முன்பே தெரிந்துவைத்திருந்தாரா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. துணியில் வடிகட்டிக் குடியுங்கள் என்றேன். "அது தெரியாமயா?" என்றார்.

கஸ்தூரி என்னிடம் கை நீட்டினாள். பத்து முடியையும் கொடுத்தேன். சுருட்டி, மூன்று முறை துப்பி, முள்வேலியில் செருகிவிட்டு வரிசைக்கு ஓடினாள். அவள் முறை வந்து குடம் நிரம்பும்வரை நின்றுவிட்டுக் கிளம்பினேன்.

பேருந்தில் பட்டியலை முடித்தேன்: புழு எட்டு, கும்பிடுபூச்சி ஒன்று. எட்டாவதற்கும் வால் பிளவில்லை. கேள்விக்குறி அப்படியே இருக்கிறது.

மாலை 5.20, உளுந்தூர்பேட்டையில் எங்கள் வீடு. குழாயைத் திறந்தால் தண்ணீர்; வரிசை இல்லை, கேள்வி கேட்க ஆளில்லை. தலைக்கு ஊற்றிக்கொண்டேன். குளியலறைத் தண்ணீர் போகும் வழியில் என் முடி சேர்ந்திருந்தது. குழாயை மூடிவிட்டுக் குனிந்து எண்ணினேன். நான்கு. நான்கும் அசைகின்றனவா என்று கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.