வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டு

ஊரில் அவருக்கு வைத்த பெயர் 'துண்டு ரெண்டு'. பேச்சு அப்படி. யார் என்ன கேட்டாலும் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு என்று பதில் வரும். அப்புறம் கேட்டவர் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார். தொழில் சிப்பி வளர்ப்பு. ஆழமில்லாத கடலில் கம்புகளை வரிசையாக நட்டு, கயிறு சுற்றி, அதில் கருப்புச் சிப்பிகளை ஒட்டி வளரவிடுவது. தண்ணீர் வற்றும் நேரத்தில் முழங்கால் பூட்ஸை மாட்டிக்கொண்டு நடந்தே போய் வேலை பார்க்கலாம்.

அப்பா விட்டுப்போனது ஐந்து வரிசை. பிள்ளைகள் இரண்டு பேர், இவரும் ஒரு தம்பியும். ஐந்தைச் சமமாகப் பிரிக்க நடு வரிசையைப் பிளக்க வேண்டும், அது நடக்கிற காரியமா? அண்ணன் மூன்றை எடுத்துக்கொண்டு தம்பிக்கு இரண்டைக் கொடுத்தார். தம்பி "ஆகட்டும்" என்றான். எதற்கும் அதைத்தான் சொல்வான். கடைசியில் அவன் பெயரே 'ஆகட்டும்' ஆகிவிட்டது.

சிப்பிக்கு எமன் நட்சத்திர மீன். மீன் என்பது பேருக்குத்தான். செதில் கிடையாது, நீந்தத் தெரியாது, மூளையும் கிடையாது. மூளை இல்லாததால் அவசரமும் இல்லை. கைகளுக்கு அடியில் இருக்கும் நூற்றுக்கணக்கான குட்டிக் குழாய்க்கால்களால் சிப்பியைப் பற்றி இழுத்துக்கொண்டே இருக்கும். சிப்பி எத்தனை நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருக்கும்? அசந்து மயிரிழை திறந்தால் போதும். நட்சத்திர மீன் தன் வயிற்றையே வெளியே தள்ளி, ஓட்டுக்குள் விட்டு, அங்கேயே செரித்துவிடும். நாமெல்லாம் விருந்துக்கு வயிற்றோடு போகிறோம். அது வயிற்றை மட்டும் அனுப்பிவைக்கிறது.

துண்டு ரெண்டு சும்மா விடுவாரா? சிக்கியதையெல்லாம் நடுவில் ஒரே வெட்டு. ஒரு பக்கம் மூன்று கை, மறுபக்கம் இரண்டு. "ஒழிஞ்சது சனியன்" என்று இரண்டு துண்டையும் கடலிலேயே வீசுவார். தம்பிக்கு வெட்டவெல்லாம் சோம்பல். பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டு போய்க் கரையில் வெயிலில் கொட்டிவிட்டு மல்லாந்துவிடுவான். "துரைக்குக் கத்தியத் தூக்கினா கை வலிக்கும்" என்பார் அண்ணன்.

ஆனால் வருஷா வருஷம் அண்ணன் வரிசையில்தான் நட்சத்திர மீன் பெருகியது. வெட்ட வெட்டப் பெருகியது. அதிலும் பாதி நொண்டி. சில கை நீளம், சில கை விரல்நகம் அளவு. இது ஏதோ புதுச் சாதி என்று முடிவுகட்டினார். எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், தம்பி வாளியோடு எல்லை தாண்டி அவருடைய கம்பருகே குனிந்து நிற்பதைப் பார்த்தார். போதாதா?

"வாளியில கொண்டாந்து என் கம்புல கொட்டுறியா? என் வயித்துல அடிக்கிறியா? இனிமே நீ எனக்குத் தம்பி இல்ல, நான் உனக்கு அண்ணன் இல்ல!"

தம்பி வாயைத் திறந்தான். மூடினான். "ஆகட்டும்" என்றான்.

அதோடு பேச்சு முறிந்தது. பக்கத்துப் பக்கத்து வரிசையில் முதுகு காட்டி வேலை பார்த்தார்கள். தம்பி மகள் கல்யாணத்துக்கு அண்ணன் பெண்டாட்டி மட்டும் போய்வந்தாள். என்ன சாப்பாடு போட்டார்கள் என்றுகூட அவர் கேட்கவில்லை. கேட்க ஆசையாகத்தான் இருந்தது.

ஒருநாள் கொட்டகையில் பெண்டாட்டி சிப்பி பிரித்துக்கொண்டிருந்தாள். கூடையோடு வந்துவிட்ட நட்சத்திர மீன் ஒன்றைத் தூக்கிப் பிடித்தாள்.

"என்னங்க, இதப் பாருங்க."

"நொண்டிச் சாதி. ஆகட்டும் கொண்டாந்து விட்டது."

"நொண்டியா? கை முளைக்குதுங்க இதுக்கு! கோடு போட்ட மாதிரி தழும்பு. இந்தப் பக்கம் பழைய கை ரெண்டு, அந்தப் பக்கம் புதுசு மூணு. இது உங்க வெட்டு." கூடையில் கைவிட்டு இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். இதில் பழைய கை மூன்று, புதுசு இரண்டு. "இது அதோட பங்காளி."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைகள் சேருகிற நடுவட்டு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், துண்டான பாதி மெல்ல மெல்ல மீதியை முளைக்கவைத்துக்கொள்ளும். இத்தனை வருஷம் அவர் ஒழித்ததாக நினைத்ததெல்லாம் நாற்று நட்டதுதான். நட்டுவிட்டு, விளைச்சலுக்குத் தம்பியைத் திட்டியிருக்கிறார்.

"போய்ச் சொல்லிடுங்க."

"என்னன்னு?"

"தப்பு என்னுதுன்னு."

"அவ்வளவு நீளமா எனக்குப் பேச வராது."

மறுநாள் தண்ணீர் முழுசாக வற்றுமுன்பே கிளம்பினார். தம்பி வருவதற்குள் போய், சொல்லவேண்டியதை ஒருமுறை கம்பிடம் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணம். போனால், சோம்பேறி அவருக்கு முன்பே வந்து நிற்கிறான். அதுவும் அவருடைய வரிசையில். அவருடைய கம்பிலிருந்து நட்சத்திர மீனைப் பிய்த்துப் பிய்த்துத் தன் வாளியில் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன பண்ற?"

"பொறுக்குறேன்."

"அன்னைக்கும் இதத்தான் பண்ணியா?"

"அன்னைக்கும், தினமும். நீ வெட்டுற வேகத்துக்கு என்னால பொறுக்கி மாளல."

"வெட்டினா முளைக்கும்னு தெரிஞ்சும் ஏண்டா சொல்லல?"

"சொல்லத்தான் அன்னைக்கு வாயத் திறந்தேன். நீ தம்பியே இல்லன்னுட்ட."

அவருக்கு வீட்டிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்த இரண்டு வார்த்தையும் மறந்துபோயிற்று. வேறொன்றுதான் வந்தது.

"பொண்ணு கல்யாணத்துல என்ன சாப்பாடுடா போட்ட?"

தம்பி நிமிரவில்லை. "எனக்கு எங்க தெரியும்? என் பக்கத்து நாற்காலிய உனக்குன்னு போட்டு வச்சிருந்தேன். வேற யாரும் உக்காந்துடாம பாத்துக்கறதுலயே பந்தி முடிஞ்சுபோச்சு."

துண்டு ரெண்டு முழங்கால் தண்ணீரில் நின்றபடி ஓவென்று அழுதார். தம்பி கையிலிருந்த மீனையும் உள்ளே போட்டான். வாளி நிரம்பியிருந்தது.

"ஆகட்டும்" என்றான். "அந்தப் பக்கம் பிடிண்ணே. கனக்குது."