நெஷ் என்ற சொல்லும் நான்காம் மாடிக் கதவும்

மோர்னிங்சைட்டில் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்கு நான் சூப்பரின்டென்டன். குழாய் ஒழுகினாலும், எலிவேற்றர் நின்றாலும், மேல்வீட்டுக்காரர் சத்தமாகப் பாட்டுப் போட்டாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். தட்டுகிறவர்களோடு நின்று கதைக்க எனக்குப் பிடிக்கும். அவர்கள் வாயில் வருகிற நல்ல சொற்களை ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன்.

'நெஷ்' அப்படிக் கிடைத்த சொல். நான்காம் மாடியில் தனியாக இருக்கும் ஆங்கிலேய அம்மாவுக்கு எண்பத்தைந்து வயது. ஒரு நவம்பரில், இரண்டு சுவெற்றரும் கம்பளித் தொப்பியுமாக அவருடைய குழாயைத் திருத்தப் போனேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ சரியான நெஷ்" என்றார். குளிர் தாங்காதவன் என்று அர்த்தமாம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், நிலக்கரிச் சுரங்கக்காரர்களின் ஊர்களில் புழங்குகிற சொல். எங்களுடைய நோஞ்சான் கிட்டத்தட்ட வருவான். ஆனால் நோஞ்சானுக்கு வெயிலும் ஒத்துவராது, மழையும் ஒத்துவராது. நெஷ்ஷுக்குக் குளிர் மட்டும்தான்.

நூலகத்தில் தடித்த அகராதி ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழைய சொல். தொடக்கத்தில் அதில் பழிப்பே இல்லை. மென்மையான எதற்கும் சொல்லலாம், இளகிய மனசுக்கும் சொல்லலாம். போகப் போக மென்மை பலவீனமாகியிருக்கிறது. பிறகு குளிருக்கு நடுங்குகிறவன் மேல் ஒட்டிக்கொண்டு, கடைசியில் பயந்தாங்கொள்ளியையும் அந்தச் சொல்லாலேயே ஏசியிருக்கிறார்கள்.

இதை அவரிடம் போய்ச் சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கதை சொன்னார். அப்போது அவருக்கு ஆறு வயது. பனியில் நின்று கையை வாயருகே வைத்து ஊதியிருக்கிறார். சுரங்கத்திலிருந்து வந்த தகப்பன், கூட வந்தவர்களுக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"அதற்குப் பிறகு குளிருது என்று ஒருவரிடமும் நான் சொன்னதில்லை."

பெருமையாகத்தான் சொன்னார். நானும் பெருமையாகத்தான் கொப்பியில் எழுதினேன்.

போன வருஷம் ஜனவரியில் ஒரு நாள் காலை கட்டடம் முழுவதையும் சூடாக்குகிற எங்கள் பொயிலர் நின்றுபோனது. வெளியே மைனஸ் இருபத்துநாலு. திருத்துகிறவர்கள் மிசிசாகாவிலிருந்து வரவேண்டும், நெடுஞ்சாலையெல்லாம் பனி. ஸ்ரோர் அறையில் எட்டு ஹீற்றர்கள்தான் இருந்தன. என் போன் ஓயவில்லை. குழந்தை நடுங்குகிறது, அம்மாவுக்கு மூட்டு நோகிறது, நாய்க்குக் காய்ச்சல், எல்லாம் வந்தது. அழைத்தவர்களின் வீட்டு இலக்கங்களை ஒரு தாளில் எழுதி, பாரமான கேஸ் எது என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன்.

கடைசி ஹீற்றர் மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு தங்கச்சிக்குப் போனது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கைக்குழந்தைக்காரி. வாசலில் அதைக் கொடுக்கும்போது, மேலே அந்த அம்மாவுக்கும் ஒன்று வைத்திருக்கலாமோ என்று வாய்விட்டு யோசித்தேன்.

"அவவுக்கென்ன அண்ணை? வெள்ளையளுக்கு உது குளிரே? ஐஸ் பெட்டிக்குள்ளை பிறந்ததுகள்."

நான் சிரித்தேன். எங்கள் சனம் இந்த ஊருக்கு வந்த நாள் தொட்டு நம்புகிற விஷயம் அது. மார்ச் மாதத்தில் அரைக் காற்சட்டையோடு திரிகிற வெள்ளைக்காரரைப் பார்த்துப் பார்த்து, அவர்களுக்கு வேறு தோல் என்று முடிவு கட்டிவிட்டோம். அந்த அம்மா குளிரை வென்ற கதையும் என் கொப்பியில் இருந்தது. ஒரு போன் போட்டுக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பின்னேரம் இரண்டு மணிக்கு, யாருக்கு இன்னும் கொடுக்கவில்லை என்று அந்தத் தாளைப் பார்த்தேன். நான்காம் மாடியில் எல்லா வீடும் அழைத்திருந்தது, ஒன்றைத் தவிர. அந்த ஆங்கிலேய அம்மா சொன்னது அப்போதுதான் திரும்ப வந்தது. குளிருது என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

எலிவேற்றருக்கு நிற்காமல் படியால் ஏறினேன். கதவைத் தட்டினேன். அந்த நேரத்தில் எப்போதும் ஓடுகிற ரேடியோ கேட்கவில்லை. கதவின் கீழ் இடுக்கால் வந்த குளிர் என் சப்பாத்துக்குள் இறங்கியது. திரும்பத் தட்டினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். எல்லா வீட்டுப் பூட்டுக்கும் பொருந்துகிற மாஸ்ரர் திறப்பை உள்ளே நுழைத்தேன். உள்ளே என்ன கிடக்குமோ என்று நினைத்து ஒரு கணம் திறக்காமலே நின்றேன். அந்தக் கணத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

திறந்தபோது அவர் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்தார். மெல்லிய கார்டிகன் மட்டும். கோட்டு கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கியது. வீட்டுக்குள் கோட்டுப் போட அவர் மனம் விட்டிருக்காது. கோப்பையில் தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியிருந்தது. உதடு நீலம். பயம் என்னவென்றால், அவர் நடுங்கவில்லை. நடுக்கம் நின்றால் நிலைமை மோசம் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொல்லித் தந்திருந்தார்கள்.

"குளிருதா?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றார், குடித்தவர் மாதிரி நாக்குக் குழற.

அவசர உதவிக்கு அழைத்தேன். அவருடைய கையைப் பிடித்துத் தேய்க்கத் தொடங்கிவிட்டிருந்தேன், எங்கள் வழக்கம் அது. போனில் இருந்த பெண் தேய்க்கக் கூடாது, அசைக்காமல் போர்த்துங்கள் என்றார். போர்வையைத் தேடி ஓடும்போது வாசலில் மூன்றாம் மாடித் தங்கச்சி நின்றார். நான் கூப்பிட்ட சத்தம் படிவழியாகக் கீழே கேட்டிருக்கிறது. ஒரு கையில் ஹீற்றர், தோளில் குழந்தையின் போர்வை. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். போர்வையைச் சுற்றி, அம்மாவைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருந்தார். நான் தரையில் குந்தி அம்மாவின் மூச்சை எண்ணினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்தது வருமா என்று காத்திருந்தேன்.

அம்புலன்ஸ்காரரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்: குளிருதா? அம்மா முதலில் என்னைப் பார்த்தார். பிறகு, ஆறு வயதுக் குரலில், "ஆமாம், கொஞ்சம்" என்றார்.

ஸ்ரெச்சர் போனபின் தங்கச்சி சுவரோடு சாய்ந்து நின்றார். "அண்ணை, நான் காலமை சொன்னதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"நானும் சேர்ந்துதானே சிரிச்சனான்" என்றேன். தங்கச்சியிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஆறு நாள் கழித்து அம்மா வீடு திரும்பினார். பொயிலர் இப்போது புதிது. ஆனாலும் கடுங்குளிர் நாட்களில் அதன் சத்தம் கொஞ்சம் மாறினாலே எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. யார் அழைத்தார்கள் என்று பார்ப்பதற்கு முன் யார் அழைக்கவில்லை என்று பார்க்கிறேன். பிறகு நான்காம் மாடிக்கு ஏறுகிறேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நல்லாயிருக்கிறேன் என்பார். அந்தப் பதிலோடு திரும்பாமல் உள்ளே போய், சுவரில் இருக்கும் வெப்பமானியைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

இன்று காலை தட்டியபோது திறக்க நேரமாகியது. நான் திறப்பை வெளியே எடுத்தேவிட்டேன். கதவு திறந்தது. தலையில் கம்பளித் தொப்பி, இரண்டு கார்டிகன்கள். அந்த நவம்பரில் நான் நின்ற கோலத்தில் இப்போது அவர் நின்றார். திறப்பைப் பொக்கற்றுக்குள் போட்டேன். வெப்பமானியைப் பார்க்க உள்ளே போனேன்.