பாட்டு முடியட்டும்

குதிரை வருமா வராதா என்பதுதான் அந்த மாதம் முழுக்க அன்னவாசலில் பேச்சாக இருந்தது.

புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் புது நாடகம் போடப்போகிறார்கள், பழைய நாவல் ஒன்றை எடுத்து வசனத்தைக் குறைத்து முக்கால்வாசியைப் பாட்டாகவே ஆக்கியிருக்கிறார்கள் என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தது. நடிப்பவர்கள் எல்லாம் பேங்க்கிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்ப்பவர்கள். அந்த நாவலை எங்கள் பக்கத்தில் முழுசாகப் படித்தவர்கள் குறைவு. கதை தெரியாதவர்கள் அதைவிடக் குறைவு. ஒரு சின்னக் கோட்டை எதிரிகளிடம் விழுகிறது. கோட்டைத் தலைவனின் மகள், பிடிபட்டுப்போன தம்பியைத் தேடி ஊர் ஊராக நடக்கிறாள். அவளை விரும்புகிறவன் கறுப்புக் குதிரையில் அகழியைத் தாண்டி வருவான். அந்த இடம் எல்லோருக்கும் மனப்பாடம். மேடையில் அகழிக்கு என்ன செய்வார்கள், குதிரைக்கு எங்கே போவார்கள்?

அப்பாவின் உரக்கடைக்கு யூரியா வாங்க வந்தவர்களும் மூட்டையை மறந்துவிட்டு இதைத்தான் பேசினார்கள். "நெசக் குதிரையே வருதாம், கல்யாண ஊர்வலக் குதிரைக்காரன்ட்ட பேசிட்டாங்களாம்" என்றார் ஒருவர். மண்டபத்துப் படியில் குதிரை எப்படி ஏறும் என்று இன்னொருவர் கேட்டார். எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ் ஐயாவுக்கோ வேறு கவலை. நாவலைப் பாட்டாக்கினால் அது செத்துப்போகும் என்று வகுப்பிலேயே வருத்தப்பட்டார். எங்கள் தெருவில் முதலில் டிக்கெட் எடுத்தவரும் அவர்தான்.

ஒத்திகையில் எடுத்த துண்டு வீடியோ ஒன்று போனுக்குப் போன் போய்க்கொண்டிருந்தது. ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரே ஒரு வரியை முனகுவாள். அடுத்த வரி வருவதற்குள் வீடியோ முடிந்துவிடும். சித்தி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பாள். அம்மா அடுப்படியிலிருந்து, "இங்கிட்டுக் கொஞ்சம் காட்டுடி" என்பாள். மாவுக் கையோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

சித்தி அம்மாவின் தங்கை. அவர்களுடைய அப்பா அம்மா இறந்த பிறகு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். விராலிமலையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. போகிற பஸ்ஸில் நின்றுகொண்டு போவாள், லேபிலும் நிற்பாள், வருகிற பஸ்ஸிலும் நின்றுகொண்டே வருவாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் அவளிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. இப்போது நானே இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய் வருகிறேன். அந்தப் படி எதற்கு என்று தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அது சித்தியின் பழக்கங்களில் ஒன்று, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று பெயர். ஆனால் அன்றைக்குத்தான் அவளைப் பெண் பார்க்க வருவார்கள். எத்தனையாவது வரன் என்று எண்ணுவதை அம்மா எப்போதோ விட்டிருந்தாள். வருகிறவர்கள் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிடுவார்கள், சித்தியை ஏற இறங்கப் பார்ப்பார்கள், போன் பண்ணுகிறோம் என்று எழுந்துபோவார்கள். பெரும்பாலும் போன் வராது. வந்தால் அப்பா அதை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவார். திரும்பி வரும்போது அவர் முகத்தை அம்மா பார்ப்பாள். சித்தி பட்டுச்சேலையை மடித்துக்கொண்டிருப்பாள். எனக்கு மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் பிடிக்கும். மிச்சக் கேசரி முழுவதும் எனக்குத்தான்.

இந்த நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வந்தது. சித்தி முன்கூட்டியே அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டாள். எனக்குத் தலை பின்னிக்கொண்டே கதையைச் சொல்லிக்கொண்டுவந்தாள். முடிவை மட்டும் சொல்ல மறுத்துவிட்டாள். "அத அங்க வந்து பாத்துக்க." அவளுக்கு எதற்காவது ஆசை வந்து நான் பார்த்தது அப்போதுதான்.

நாடகத்துக்கு முந்தின வாரம் அப்பா ஒரு வரனோடு வந்தார். மாப்பிள்ளைக்கு மணமேல்குடிப் பக்கம், சிங்கப்பூரில் வேலை, லீவு முடியப்போகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வேறு காரியமாகப் புதுக்கோட்டைக்கு வருகிறார்கள்.

"நீதான் அங்க போறீல்ல. அங்கிட்டே பாத்துக்கட்டும். பொது எடம். ஒங்க அக்காவுக்கும் பலகாரம் சுடுற வேலை மிச்சம்" என்றார்.

சித்தி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். "நாடகத்தையாவது நிம்மதியாப் பாக்க விடுங்க மச்சான்."

"பாரு. யாரு வேணாங்குறா? எடவேளையில வெளிய வந்து தண்ணி பாட்டில் வாங்குற மாதிரி நில்லு. அஞ்சு நிமிசம்."

அப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சொந்தத் தங்கைக்குப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். அவரும் அலுத்திருந்தார். சித்தி கொஞ்ச நேரம் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எடவேளையில வாரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. காட்டன் சேலைதான் கட்டுவேன், மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சித்தி சொல்லிப் பார்த்தாள். அம்மா பட்டைத்தான் கட்டவைத்தாள். மண்டபத்தில் எள் போட இடமில்லை. அறந்தாங்கியிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்திருந்தார்கள். முறுக்குப் பொட்டலங்களும் கைக்குழந்தைகளுமாக, திரையைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். திரை கொஞ்சம் அசைந்தால் "குதிரை, குதிரை" என்று பிள்ளைகள் கத்தினோம். தமிழ் ஐயா முன்வரிசையில், மடியில் நாவலைத் திறந்து வைத்துக்கொண்டு பரீட்சை ஹால் மேற்பார்வையாளர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அம்மா உள்ளே வரவில்லை. "அவங்க வந்தா வாங்கன்னு கூப்புட ஆளு வேணாமா? நீங்க போங்க" என்று வராந்தாவில் அப்பாவோடு நின்றுவிட்டாள். அவளுடைய நாற்காலியில் சித்தி கைப்பையை வைத்து இடம் பிடித்து வைத்தாள்.

திரை விலகியது. கோட்டை அட்டைதான், ஆனால் விளக்கு விழுந்ததும் கல்லாகிவிட்டது. எடுத்த எடுப்பில் ஒரு பாட்டு. சண்டைக்கு ஒரு பாட்டு. பிறகு குதிரை வந்தது. மூங்கில் கூட்டின் மேல் கறுப்புத் துணி போர்த்தி, உள்ளே இரண்டு பேர். எட்டிப்பார்த்த நான்கு கால்களில் இரண்டு, பேன்ட் போட்டிருந்தன. மண்டபமே சிரித்தது. ஆனால் மேளம் ஏற ஏற, அகழிக்கு விரித்திருந்த நீலத் துணியை அது தாண்டியபோது, சிரித்தவர்களே எழுந்து கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு மேடையில் ஒரு கல்லைத் தவிர ஒன்றும் இல்லை. தம்பியைத் தேடி நடந்து நடந்து ஓய்ந்துபோய் அந்தப் பெண் அதன்மேல் வந்து உட்கார்ந்தாள். நடித்தவள் சின்னப் பெண் அல்ல. எங்கள் பள்ளிக்கூட டீச்சர்கள் வயதுதான் இருக்கும். ஒரு காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பாதத்தைப் பார்த்துப் பாடத் தொடங்கினாள். மேளம் இல்லை. ஆர்மோனியம் மட்டும். போனில் எல்லோரும் பார்த்த அந்த ஒற்றை வரி இந்தப் பாட்டில்தான் இருந்தது. நாவலில் இந்த இடம் அரைப் பக்கம்கூட இல்லை என்று சித்தி பிற்பாடு சொன்னாள். இங்கே அது முடியவே மாட்டேன் என்றது. எனக்குச் சலித்துப்போய்ப் பின்னால் திரும்பினேன். வாசலில் அப்பா கையசைத்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஓடினேன். வராந்தாவில் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் அக்காவும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் எங்கள் அம்மா தட்டில் முறுக்கோடு நின்றுகொண்டிருந்தாள்.

"சித்தியக் கூட்டிக்கிட்டு வா. சீக்கிரம்."

உள்ளே போய்ச் சித்தியின் காதில் சொன்னேன். அவள் திரும்பவில்லை. "பாட்டு முடியட்டும்" என்றாள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். ஒரு பாதம் இன்னொரு பாதத்தின் மேல் இருந்தது.

திரும்பிப் போய் அப்படியே சொன்னேன். மாப்பிள்ளையின் அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பொழுதோட ஊரு போய்ச் சேரணும். இன்னொரு எடத்துலயும் வாரோம்னு சொல்லியிருக்கோம்" என்றார். அவருடைய அம்மா முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்குக் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. லீவு முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கியிருப்பார் போல. என்னைப் பார்த்து, "உள்ள நல்லாருக்கா பாப்பா?" என்றார்.

"குதிரை நல்லால்ல" என்றேன்.

அவர் சிரித்தார். உள்ளேயிருந்து பாட்டு கேட்டது. அவரும் ஒரு நொடி அந்தப் பக்கம் காது கொடுத்தார் என்று எனக்கு ஞாபகம்.

இந்த முறை அப்பாவே உள்ளே வந்தார். நானும் பின்னாலேயே போனேன். சித்தியின் பக்கத்தில் குனிந்து, "எந்திரி. அவங்க கெளம்புறாங்க" என்றார்.

"எடவேளையிலன்னுதானே மச்சான் சொன்னேன்."

"பெரியவங்க வந்து உக்காந்திருக்காங்க. எந்திரிங்குறேன்ல."

"பாட்டு முடியட்டுங்க." சித்தி சத்தமாகச் சொல்லவில்லை. மேடையைவிட்டுப் பார்வையை எடுக்கவும் இல்லை. ஆனால் மண்டபம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் நாலைந்து வரிசைக்கு அது கேட்டது. பின்னாலிருந்து யாரோ "ஷ்ஷ்" என்றார்கள். தமிழ் ஐயா எழுந்து நின்றே திரும்பிப் பார்த்து முறைத்தார். அன்னவாசலில் அப்பாவை யாரும் வாயை மூடச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் நிமிர்ந்தார். எங்கே வைப்பதென்று தெரியாததுபோல் கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு வெளியே போனார்.

பாட்டு முடிந்தபோது யாரும் கை தட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தட்டத் தொடங்கினார்கள். பிறகு அது நிற்கவே இல்லை. திரை விழுந்தது. சித்தி செருப்பை மாட்டிக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சொன்னபடியே வெளியே வந்தாள். நேராகப் போய் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு நின்றாள்.

நாற்காலிகள் காலியாக இருந்தன. அம்மா மட்டும் தட்டோடு நின்றாள்.

"போயிட்டாங்க" என்றாள்.

"இப்பத்தானேக்கா எடவேளை."

அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பியிருந்தார். மணி அடித்தார்கள். "வாக்கா, ஒன் எடம் அப்புடியே இருக்கு" என்று சித்தி அம்மாவின் கையைப் பிடித்தாள். "நீங்க போங்க, நான் இங்கயே இருக்கேன்" என்று அம்மா அந்தக் காலி நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்துவிட்டாள். மீதி நாடகம் முழுக்க அங்கேயேதான் இருந்தாள்.

மறுநாள் போன் வந்தது. பெண்ணுக்குப் பெரியவர்களை மதிக்கத் தெரியவில்லை என்றார்களாம். அப்பா சித்தியிடம் ரொம்ப நாள் பேசவில்லை. குதிரை சரியில்லாததால்தான் வீட்டில் எல்லோரும் இப்படி உம்மென்று இருக்கிறார்கள் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். சில மாதம் கழித்து அடுத்த வரன் வந்தபோது அப்பா போனில், "அவளக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். அப்படி அவர் சொன்னது அதுவே முதல் தடவை. சித்தி பிறகு திருச்சிக்கு வேலை மாற்றிக்கொண்டு போனாள். கூட வேலை பார்த்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். பெண் பார்க்க என்று அவர் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. நாங்கள்தான் குடும்பத்தோடு போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தோம்.

அதெல்லாம் பிற்பாடு. அன்று பொழுது சாயும் நேரத்தில் நாங்கள் மூன்று பேரும் அன்னவாசல் பஸ்ஸில் ஏறினோம். அதிசயமாக உட்கார இடம் கிடைத்தது. பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் சித்தி ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள். பட்டுச்சேலை கசங்கிக்கிடந்தது. அவள் தலை கம்பியில் இடிக்காமல் அம்மா நடுவில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் அம்மா என் பக்கம் குனிந்தாள். "அந்தப் பாட்டுல என்னடி பாடுனாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் யோசித்தேன். "கால் வலிக்குதுன்னு பாடுனாங்கம்மா."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. ரொம்ப நேரம் அதையேதான் பாடுனாங்க."

"அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலையா?" தூங்குகிற சித்தியைப் பார்த்துக்கொண்டே அம்மா கேட்டாள்.

"இல்லம்மா."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஊர் வந்து சேரும்வரை கையை எடுக்கவில்லை. அவள் பாட்டைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.