கல்லுரலுக்கு வைத்த பொட்டு

நான் ஞானேஸ்வரி. வத்தேகம சந்தையில் மரக்கறி விற்கும் வடிவம்மாவின் மகள். பல்கலைக்கழகத்தில் காந்தம் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று தெரிந்ததும், பக்கத்துக் கடை கறுப்பையா மாமா முழங்கால் வலிக்கு ஒரு காந்தம் கேட்டார். அதற்குக்கூட நான் உதவவில்லை. என் காந்தம் எதையும் இழுக்காது.

நான் கட்டிக்கொண்டு அழுத பொருளில் அணுக்கள் முக்கோணம் முக்கோணமாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்து அணு மேலே பார்த்தால் தான் கீழேதான் பார்ப்பேன் என்று அடம்பிடிக்கும். இரண்டு பேர் என்றால் பிரச்சினை இல்லை. மூன்றாவது எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோடாவது முட்டும். கடுங்குளிரில் வைத்து, வெளியிலிருந்து காந்த விசையைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் இரண்டு மேலேயும் ஒன்று கீழேயுமாகச் சமாதானமாகும். விசை இன்னும் கூடினாலும் கொஞ்சத்துக்கு அசையாது. வரைபடத்தில் ஏறிவரும் கோடு அந்த இடத்தில் மட்டமாக ஓடும். அந்த மட்டத்தைக் கண்டால் எனக்குப் பட்டம். காணாவிட்டால், "மக படிப்பு இன்னும் முடியலையா?" என்று கேட்கும் சந்தைக்கு அம்மா பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

அளக்கும் இயந்திரம் வெளிநாட்டில். இங்கே நான் பொருளைச் சுட்டு, அரைத்து, தபாலில் அனுப்ப வேண்டும். கடைசி அரைப்புக்கு முதல் நாள் ஆயுத பூசை. உலைக்குச் சந்தனம் வைத்தேன், தராசுக்கு வைத்தேன். பொருளை அரைக்கும் கல்லுரலை மட்டும் சும்மா விடுவதா? குழவிக்கு நெற்றி எந்தப் பக்கம் என்று தெரியாமல், அரைக்கும் பக்கத்திலேயே தாராளமாகக் குங்குமம் வைத்தேன். மறுநாள் துடைத்தேன். துடைத்ததாகத்தான் நினைத்தேன்.

முடிவு வந்தது. கோடு மட்டமாக ஓடியது! உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். அன்று சந்தையில் எல்லோருக்கும் லட்டு.

என் பேராசிரியர் முனாப் சேர் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார்.

"மகள், இந்த ஒழுங்கு கடுங்குளிர்லதானே வரணும்? இது ரூம் சூட்டுலயும் அப்படியே நிக்குதே. இரும்பு கலந்தாலும் கோடு இப்படி மட்டமாகும். அரைக்கிற நேரம் என்னத்தச் சேத்தீங்க?"

"ஒண்ணும் சேக்கல சேர்" என்று சொல்லும்போதே மேசையிலிருந்த குழவியின் விளிம்பில் சிவப்பு தெரிந்தது. மலிவுக் குங்குமத்தில் காவி, காவியில் இரும்பு. பெரிய பெரிய ஆட்கள் தேடும் நிலையை நான் ஒரு பொட்டில் கண்டுபிடித்திருந்தேன். வெட்கத்தில் காது சுட்டது. அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

"பரவால்ல, சந்தைக்குத் தெரியாதுல்ல" என்றாள்.

புது உரல் வாங்கி, பொட்டில்லாமல் அரைத்து அனுப்பிவிட்டு, ஒரு வருடம் காத்திருந்தேன். அந்த வருடம் முழுக்கச் சந்தையில் எனக்கு ராஜ மரியாதை. செய்யாத சாதனைக்குக் கத்தரிக்காய் சும்மா கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

இம்முறை வந்த கோடு கடுங்குளிரில் மட்டும் மட்டமாக ஓடியது. கொஞ்சம் சூடேறியதும் அது காணாமல் போனது. முனாப் சேர் எழுந்து நின்று வாழ்த்தினார். பஸ்ஸில் வழியெல்லாம் அழுதுகொண்டே வத்தேகமவில் இறங்கிச் சந்தைக்கு ஓடினேன்.

"அம்மா, கெடச்சிருச்சு! இந்தத் தடவ நெசமாவே கெடச்சிருச்சு!"

அம்மாவின் கண் கலங்கியது. ஆனால் கறுப்பையா மாமா பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

"மெதுவாடி! அப்ப போன வருஷம் கெடச்சது என்னான்னு கேப்பாங்க. வீட்டுக்கு வா, கதவச் சாத்திட்டு சந்தோஷப்படுவோம்."