அம்மன் நிற்கும் வளைவு

போன வாரம் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. காரணம், ஒரு எட்டுப் பக்கப் புத்தகம்!

திருக்காட்டுப்பள்ளி பக்கம் ஒரு அம்மன் கோயிலில் கும்பாபிஷேகம். தலபுராணத்தைச் சின்னப் புத்தகமாகப் போடுகிறார்கள். எழுதும் பொறுப்பு என் தலையில். சோழ மன்னன் கனவில் அம்மன் வந்தாள், கோயில் எழுந்தது – கமிட்டித் தலைவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். சாயங்காலம் அச்சுக்குப் போக வேண்டும்.

அன்று காலை கோயிலுக்கு செல்வராணி வந்தார். அதே ஊர்க்காரர்; தஞ்சாவூரில் பேங்க் மேனேஜர். அவருடைய கொள்ளுத்தாத்தா சின்னையன், பண்ணையாள். ஒரு வெள்ளத்தில் வாய்க்கால் கரை உடைந்தபோது, போட்ட மண் கரையாமல் இருக்க உடைப்பில் குறுக்கே படுத்தாராம். கரை நின்றது. அவர் எழவில்லை. அதையும் புத்தகத்தில் சேர்க்க வேண்டும் என்றார்.

தலைவர் சிரித்தார். "அது கதைம்மா. தலபுராணத்துல எப்படிப் போடறது?" என்றவர், என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க சார், புராணம்னா என்ன?"

என்ன? வீட்டுக்கு ஓடி அகராதிகளைப் புரட்டினேன். டீ ஆறியது. அச்சகத்திலிருந்து போன் மேல் போன். புராணம் என்றால் பழையது, அவ்வளவுதான். தொன்மம்? அதுவும் தொன்மையிலிருந்து வந்ததுதான். ஐதீகம்? 'இப்படியாம்' என்று வழிவழியாகச் சொல்லப்படுவது. மன்னர்களுக்கு மட்டும் என்று எதிலாவது போட்டிருக்கிறதா? இல்லை!

மத்தியானம் திரும்பிப் போய்ச் சொன்னேன். தலைவர் மசியவில்லை. ஆதாரம் வேண்டாமா என்றார். மன்னன் கனவுக்கு என்ன ஆதாரமோ... கேட்க வந்து, வார்த்தையை விழுங்கிக்கொண்டேன்.

செல்வராணி நிதானமாகக் கேட்டார். "கரை உடைஞ்ச அந்த வாய்க்கா வளைவுல வருஷா வருஷம் அம்மன் பல்லக்கு எதுக்குங்க நிக்குது?"

"தூக்கறவங்க தோள் மாத்தத்தான்."

"தோள் மாத்தறதுக்கு மேளம் எதுக்குங்க நிக்கணும்?"

நானும் பார்த்திருக்கிறேன். அந்த வளைவில் அம்மனை வாய்க்கால் பக்கம் திருப்புவார்கள். ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது. கையைத் தூக்கி மேளத்தை நிறுத்துபவர் யார்? இதே தலைவர்தான். அவருக்கு முன் அவர் அப்பா.

தலைவர் ஒருவழியாக என் பக்கம் திரும்பினார். "சரி, போடுங்க. ஆனா கடைசியில 'என்பது ஐதீகம்'னு சேர்த்துடுங்க" என்றார்.

செல்வராணியின் முகம் சுருங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தலையாட்டிவிட்டு, தலைவர் சொன்னபடியே சேர்த்தேன்.

மன்னனின் கனவுக்குக் கீழேயும்!