தொண்டை எங்க வீட்டுது

குழாய்க்காரர் என்றதும் தண்ணீர்க் குழாய் சரிசெய்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஆட்டோவின் தலையில் வாயைப் பிளந்துகொண்டு இருக்குமே ஒலிபெருக்கி, அந்தக் குழாய்க்காரர். நாளைக்குத் தண்ணீர் வராது, புதுத் துணிக்கடை திறக்கிறார்கள், பல் ஆஸ்பத்திரியில் இலவச முகாம், இன்னார் காலமானார் என்று எதுவானாலும் அந்தச் சின்ன நகரம் முதலில் அவர் குரலில்தான் கேட்கும். இழுத்து, நிறுத்தி, கடைசிச் சொல்லை மட்டும் ஒரு முறுக்கு முறுக்கி விடுகிற குரல். ஆளோ சுண்டைக்காய். இந்த உடம்புக்குள்ளிருந்தா அந்தச் சத்தம் என்று புதிதாய்ப் பார்ப்பவர்கள் மூக்கில் விரலை வைப்பார்கள். வீட்டில் மனிதர் வாயைத் திறப்பதே அபூர்வம். பேச்செல்லாம் வாடகைக்குப் போய்விடுகிறது என்பாள் அவர் மனைவி.

தேர்தல் காலத்தில் அவருக்கு ஏக கிராக்கி. முதலில் வந்து கேட்டவருக்குத்தான் குரல். எழுதிக் கொடுத்ததற்கு மேல் சொந்தமாய் ஒரு சொல் சேர்க்கமாட்டார், கொடுத்த சொல்லை மாற்றவும் மாட்டார். அதனால்தான் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத கட்சிக்காரர்கள்கூட இவரிடம் வந்தால் சிரித்துப் பேசுவார்கள். இந்தத் தடவை முதலில் வந்தவர் கல்யாண மண்டபம் வைத்திருக்கிற மண்டபத்துக்காரர். இரண்டு முறை கவுன்சிலராய் இருந்தவர், மூன்றாவதுக்கும் நிற்கிறார். சரி என்று குழாய்க்காரரும் தலையாட்டிவிட்டார்.

தலையாட்டிய வாரமே குண்டு விழுந்தது. மனைவி வீட்டு வாசலில் இஸ்திரி மேசை போட்டிருப்பவள். ஒரு சட்டைக்குக் காலர் மடித்துக்கொண்டே, நாளைக்கு என்ன சமைக்கலாம் என்று கேட்கிற தொனியில் சொன்னாள்.

"நானும் நம்ம வார்டுக்கு நிக்கறேங்க. பேர் குடுத்துட்டேன்."

விஷயம் ஒன்றுமில்லை, ஒரு குழி. இஸ்திரி மேசைக்கு நேர் எதிரே சாக்கடை மூடி இரண்டாய் உடைந்து உள்ளே கிடந்தது. யாரோ ஒரு மரக்கிளையை நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டதோடு நகராட்சியின் கடமை முடிந்தது. கிளை பட்டுப் போனது, துணி வெளுத்துப் போனது. இரண்டு சைக்கிள், ஒரு தபால்காரர், கடைசியாய் பக்கத்து வீட்டு டீச்சரம்மா என்று வரிசையாய் உள்ளே போய் வந்தார்கள். டீச்சரம்மாவுக்குக் கணுக்கால் முறிந்தது. அந்தச் சத்தம் இஸ்திரிப் பெட்டியோடு நின்றிருந்த இவள் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் சரியாயில்லை.

"ஆபீஸ்ல கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. அடுத்த மாசம், அடுத்த மாசம்ங்கறாங்க. நானே அங்க போய் உக்காந்துக்கறேன்."

குழாய்க்காரர் மென்று விழுங்கினார். "நான் மண்டபத்துக்காரருக்குச் சொல்லிட்டேனே..."

"சொன்னா சொன்னதுதான், போய்ட்டு வாங்க. உங்க குழாய நம்பியா நான் நிக்கறேன்?"

அப்பாடா என்று இருந்தது அவருக்கு. கூடவே சுருக்கென்றும் இருந்தது.

பிரசாரம் தொடங்கியது. அவர் காலையில் ஆட்டோவில் ஏறி மண்டபத்துக்காரருக்காக முழங்கினார். ஆட்டோ ஓட்டியது யார் என்கிறீர்கள்? எதிர் வேட்பாளரின் சொந்தத் தம்பி! மாமன் குழாயில் கத்த, மைத்துனன் ஓட்ட, அக்காவைத் தோற்கடிக்கக் குடும்பமே கிளம்பிவிட்டதாக ஊர் சிரித்தது. அவளோ தேய்த்த துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாய்ப் போனாள். துணியைக் கொடுக்கிற கையோடு ஓட்டும் கேட்டாள். மைக் கிடையாது, கொடி கிடையாது. கூட்டமென்றால் டீச்சரம்மா வாசலில் நாலு நாற்காலி.

சாயங்காலம் அவர் தொண்டை கட்டிப்போய்த் திரும்பும்போது வெந்நீர் தயாராயிருக்கும், உப்புப் போட்டுக் கொப்பளிக்க ஒன்று, தேன் விட்டுக் குடிக்க ஒன்று. எதிர் வீட்டுக்காரி பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்.

"ஏங்க்கா, எதிராளிக்குக் கத்தற தொண்டைக்கா உபசாரம்?"

"கத்தறதுதான் அவங்களுது. தொண்டை எங்க வீட்டுது."

உள்ளே கொப்பளித்துக்கொண்டிருந்தவருக்குப் புரையேறிவிட்டது.

எழுதிக் கொடுத்த வாசகங்களில் ஒன்று இது: "கிடங்குத் தெருவில் உடைந்து கிடக்கும் சாக்கடை மூடி, பதவிக்கு வந்த ஒரே வாரத்தில்..." கிடங்குத் தெரு என்பது அவர் தெருவேதான். போன தேர்தலிலும் மண்டபத்துக்காரருக்காக இதே வரியை இதே முறுக்கோடு சொன்னவர் அவர். இத்தனை நாளும் வார்த்தைகள் அவர் வழியாய்ப் போய்க்கொண்டிருந்தன, எதுவும் உள்ளே தங்கியதில்லை. இந்த முறை 'ஒரே வாரத்தில்' வரும்போதெல்லாம் தொண்டையில் ஏதோ உறுத்தியது. தேன் விட்ட வெந்நீருக்கும் அது கேட்கவில்லை.

தன் தெருவுக்குள் மட்டும் அவர் போகவில்லை. முனை வந்ததும் மைத்துனன் ஒன்றும் தெரியாதவன்போல் வேறு பக்கம் திருப்பிவிடுவான். கடைசி நாளன்று மண்டபத்துக்காரரின் ஏஜெண்ட் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இருக்கற தெருவுக்குள்ள எல்லாம் போறீங்க, உங்க தெரு என்ன பாவம் பண்ணுச்சு? பிரசாரம் முடியறதுக்குள்ள அங்க ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க."

நியாயமான பேச்சு. குழாய்க்காரர் மைத்துனனிடம் வண்டியைத் திருப்பச் சொன்னார்.

ஆட்டோ கிடங்குத் தெருவுக்குள் நுழைந்தபோது தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு டீச்சரம்மா, மேசைக்குப் பின்னால் இஸ்திரிப் பெட்டியோடு மனைவி. குழாய்க்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் மைக்கைப் பிடித்தார். ஒரு வார்த்தை குறைக்கவில்லை. "கிடங்குத் தெருவில் உடைந்து கிடக்கும் சாக்கடை மூடி, பதவிக்கு வந்த..." என்று அவர் இழுத்தாரோ இல்லையோ, தெருப் பிள்ளைகள் எல்லாம் அதே முறுக்கோடு சேர்ந்து கத்தினார்கள்: "ஒரே வாரத்தில்ல்ல்!"

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. மைத்துனனும் சிரித்தபடி பின்னால் திரும்பிப் பார்த்தான். பார்த்த நேரத்தில் முன்சக்கரம் தடாலென்று குழிக்குள் இறங்கியது. ஆட்டோ மூக்கைக் குப்புற வைத்துக்கொண்டு நின்றது. குழாய்க்காரர் சரிந்து வந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார்.

மனைவி இஸ்திரிப் பெட்டியை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஓடி வந்தாள்.

"ஐயோ, அடி பட்டுச்சா? கால காட்டுங்க! எத்தன வருஷமாக் கெஞ்சறேன், இந்தக் குழிய மூடுங்கன்னு! டீச்சரம்மா கால ஒடிச்சது பத்தாதா, எங்க வீட்டு ஆளையும் கேக்குதா? ஓட்ட யாருக்கு வேணா போடுங்கப்பா. மொதல்ல இந்தக் குழிய மூடுங்க!"

அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நாலு தெரு தாண்டிக் கேட்டது. மைக் அவர் கையில்தான் இருந்தது. மைக் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிவதை அவர் பார்த்தார். இருமல் வந்தால்கூட மைக்கை அணைத்துவிட்டு இருமுகிற மனிதர். பெருவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. அழுத்தவில்லை.

"சிரிக்காதடா தடியா, நீயெல்லாம் ஒரு டிரைவரு!" இது தம்பிக்கு. பிறகு அவர் பக்கம் குனிந்து, "எந்திரிங்க. வெந்நீர் வெச்சிருக்கேன், குடிச்சிட்டு அப்புறம் போய்க் கத்துங்க. தொண்டை எப்படிக் கட்டியிருக்கு பாருங்க" என்றாள். அதுவும் நாலு தெருவுக்குக் கேட்டது. அப்புறம்தான் அவர் அணைத்தார்.

சாயங்காலமே நொண்டிக்கொண்டு மண்டபத்துக்காரர் முன்னால் போய் நின்றார்.

"தெரியாம நடந்துடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படியில்லீங்க. தெரிஞ்சுதான் அணைக்காம விட்டேன். உங்க குழாயில நான் பண்ணது தப்பு."

"நீ எழுதிக் குடுத்ததத் தவிர எதையும் சொல்லமாட்டன்னுதானேய்யா உன்னைக் கூப்பிட்டேன்" என்றார் மண்டபத்துக்காரர். கொஞ்சம் கழித்து, "ஆனா நீ ஒண்ணும் சொல்லலையே" என்று அவரே சிரித்துவிட்டார்.

அவள் ஜெயித்தாள் என்று எழுத எனக்கு ஆசைதான். தோற்றுப் போனாள், கொஞ்ச ஓட்டில். அவளைப் பிடிக்காமல் இல்லை. வார்டில் பாதி வீட்டுக் கல்யாணம் அந்த மண்டபத்தில்தான் நடக்க வேண்டும், அவரைப் பகைத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? அவள் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் துணி தேய்த்தாள். குழாய்க்காரர் மேசைப் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தார்.

ஆனால் அடுத்த தேர்தலிலும் 'ஒரே வாரத்தில்' என்று சொல்லி ஊர் சிரிக்க விட மண்டபத்துக்காரருக்குத் தெம்பில்லை. அந்த வாரமே ஆள் வந்தது, கம்பி வந்தது, கனமான புது மூடியும் வந்தது. வேலை முடிகிறவரை அவரே குடை பிடித்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் குழாய்க்காரரைக் கூப்பிட்டார்.

"மூடி போட்டாச்சுன்னு குழாயில சொல்லிடுய்யா. வார்டு முழுக்கக் கேக்கணும்."

ஆட்டோ வந்தது. அவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார். பிறகு நேரே இஸ்திரி மேசைக்குப் போய் அதை மனைவியிடம் நீட்டினார்.

"நீ சொல்லு."

"எனக்கென்ன தெரியும்? உங்க வேலைய என்கிட்டக் குடுக்கறீங்க."

"இத நான் ரெண்டு தடவ சொல்லிட்டேன். மூணாவதா நான் சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான். நீ சொல்லு."

அவள் இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்கிற மாதிரி அதை இறுக்கிப் பிடித்தாள். ஒரு "ஹலோ" சொல்லிவிட்டு, தன் குரல் அடுத்த தெருவிலிருந்து திரும்பி வந்ததில் மிரண்டுபோய் அவரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார்.

"மூடி போட்டாச்சு" என்றாள். "வந்து மிதிச்சுப் பாருங்க."

முதலில் வந்து மிதித்தது டீச்சரம்மாவின் ஊன்றுகோல்.

அன்று சாயங்காலம் அவள் கடைசித் துணியை மடித்துவிட்டு உள்ளே போனபோது குழாய்க்காரர் அடுப்படியில் நின்று வெந்நீரில் தேன் கலக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கு எதுக்குங்க? நாலு வார்த்தைதானே பேசினேன்."

"குடி" என்றார் அவர். "புதுத் தொண்டை."