ஐயம்பேட்டையில் நான் வாங்காத சிவப்புக் கார்

இந்தப் பயணம் போய் வந்து மூன்று வாரம் ஆகிறது. வழக்கமாக வந்த அன்றே எழுதிவிடுவேன். இதை மட்டும் எழுத உட்கார்ந்து நாலு தடவை எழுந்துவிட்டேன். பழைய கார் தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்பதால்தான் எழுதுகிறேன். ஊர் உண்மை. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் பெயரை மாற்ற வழியில்லை, மேலேயே போட்டிருக்கிறது.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஐயம்பேட்டையில், ஷேர் ஆட்டோ ஓட்டும் கன்னியப்பன் என்பவர் வீட்டுக் கொட்டகையில், கூரை இல்லாத, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கிடப்பதாக நண்பர் படம் அனுப்பினார். சிவப்பு. பதினெட்டு வருடமாக ஓடவில்லை. விலை நாலு லட்சம். வாசலில் ஓடுகிற கார் இருக்கும்போது ஓடாத கார் எதற்கு என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

தாம்பரத்தில் காலை 4.40-க்குப் பேருந்து. வாலாஜாபாத் வழியாகப் போவது. டிக்கெட் ஐம்பது ரூபாய். நான் தூங்கிப்போய் காஞ்சிபுரம் வரை போய்விட்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், ஐயம்பேட்டை அதற்கு எட்டு கிலோமீட்டர் முன்னாலேயே வந்துவிடும். பேருந்து நிலையத்தில் ஒரு டீ குடித்துவிட்டு ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தேன். முப்பது ரூபாய். 6.50-க்குத் தெருமுனையில் இறங்கினேன். கோயில் பற்றி ஏதாவது வரும் என்று படிக்கிறவர்கள் மன்னிக்கவும், அன்றைக்கு ஒரு கோபுரத்தைக்கூட நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அது நெசவுத் தெரு. விடிகாலையில் பாவு நீட்டுவார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால், சேலைக்கு நீளவாட்டில் ஓடுகிற பட்டு இழைகளை எல்லாம் தெருவில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, சிக்கெடுத்துச் சுற்றுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். அதுவரை தெருவில் எந்த வண்டியும் நகராது. பால்காரர்கூட வண்டியை முனையில் நிறுத்திவிட்டு நடந்துதான் வருகிறார். அன்றைக்கு நின்றது கன்னியப்பனின் எதிர்வீட்டுக்காரர்களான செல்வம், தேவி தம்பதியின் பாவு. மூன்று சேலைக்கானது, மாம்பழ நிறம், ஒரு இருபது மீட்டர் இருக்கும்.

கன்னியப்பனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். அவருடைய அப்பா சென்னையில் ஒரு முதலாளிக்கு ஓட்டுநராக இருந்தவர். வேலையை விட்டு வரும்போது முதலாளி கொடுத்த கார் இது. கொட்டகையைத் தையல் கடையாக மாற்ற மனைவி ஆசைப்படுவதால் விற்கிறார். வேலூரிலிருந்து இன்னொருவரும் ஒன்பது மணிக்குப் பார்க்க வருகிறார் என்றும் மறைக்காமல் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குள் பேய் புகுந்தது.

கொட்டகை இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். தரைத்தகடு இரண்டு இடத்தில் இற்றுப்போயிருந்தது. எஞ்சின் கையால் திருப்பினால் சுற்றியது, அது நல்ல சகுனம். உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன். பெடல் தடங்கலே இல்லாமல் தரை வரை போனது. பிரேக் சுத்தமாக இல்லை. அதை நான் சொல்லவில்லை. விலை பேசும்போது கடைசியில் எடுத்துப் போட்டு நாற்பதாயிரம் குறைக்கலாம் என்று வைத்துக்கொண்டேன். பழைய கார் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும்.

வெளிச்சத்தில் சேஸிஸ் எண்ணைப் பார்க்க வேண்டும், தெருவுக்குத் தள்ளலாமா என்று கேட்டேன்.

"பாவு நிக்குது சார். எட்டரைக்கு எடுத்துருவாங்க, அப்பறம் தள்ளிக்கலாம்" என்றார் கன்னியப்பன்.

எட்டரை என்றால் எனக்கு வேலூர்க்காரர்தான் தெரிந்தார். வாசல் வரைக்கும்தானே, பாவுக்குப் பக்கத்திலேயே போகாது என்று வற்புறுத்தினேன். அவர் தயங்கினார்.

"நீங்க காரு தெரிஞ்சவரு. பிரேக்கு கீக்கு புடிக்குமா, பாத்துட்டு சொல்லுங்க."

"தள்ளலாம்" என்றேன். ஒரு வார்த்தைதான்.

ஹேண்ட் பிரேக் இருக்கிறதே என்று நினைத்தேன். நான் ஸ்டியரிங்கில் உட்கார, அவர் பின்னாலிருந்து தள்ளினார். கொட்டகை வாசலில் தெருவுக்கு இறங்கும் சரிவு ஒன்று உண்டு. முன்சக்கரம் அதில் இறங்கியதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கம்பி அறுந்து கையோடு வந்தது. கியரில் போட்டிருந்தால் நின்றிருக்கும், கை போகவில்லை. கார் ஆள் நடக்கிற வேகத்தில்தான் போனது. போய்ப் பாவின் கட்டையைச் சாய்த்து, இழைகளுக்குள் மூக்கை நுழைத்து நின்றது. பெரிய சத்தம்கூட இல்லை.

தேவி தலையில் கைவைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வெளியூர் ஆளை எதற்குக் கேட்பது என்று விட்டுவிட்டார்கள் போலும். செல்வம் நேராகக் கன்னியப்பனிடம் போனார்.

"இன்னாபா இது? பாவு நிக்கும்போது வண்டிய எறக்கிக்கினு வர்ற. நீ இந்தத் தெருவுல பொறந்தவன்தான?"

பிரேக் பிடிக்குமா என்று தான் கேட்டதையும், நான் தள்ளலாம் என்றதையும் கன்னியப்பன் சொல்வார் என எதிர்பார்த்து நின்றேன். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"என் வண்டி. என் தப்புதான்பா" என்றார்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாவு அறுந்தால் தெருவே வந்து கைகொடுக்கும் என்பதை அன்றைக்குப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு முழம் பிரித்துக்கொண்டு அறுந்துபோன முந்நூறுக்கு மேற்பட்ட இழைகளை ஒவ்வொன்றாக முடிந்தார்கள். பட்டில் வெயில் படாமல் வேட்டிகளைக் கட்டி மறைத்தார்கள். எனக்கு முடிச்சுப் போடத் தெரியாது. கட்டை முறிந்துபோயிருந்ததால், அந்த முனையை இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். நான் பிடித்துக்கொண்டேன். எட்டு மணியிலிருந்து பன்னிரண்டே கால் வரை, ஒரு கட்டைக்குப் பதிலாக நின்றேன். தேவி நடுவில் எனக்கு மோர் கொடுத்தார். அதை வாங்கிக் குடித்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஒன்பது மணிக்கு வேலூர்க்காரர் வந்தார். தெருவோரமாகத் தள்ளி வைத்திருந்த காரைச் சுற்றிப் பார்த்தார். அவர் கேட்பதற்கு முன்பே, பிரேக் இல்லை சார், இப்பதான் தெரிஞ்சுது என்று கன்னியப்பன் சொல்லிவிட்டார். நான் பத்தடி தள்ளிக் கேட்டுக்கொண்டு நின்றேன். வேலூர்க்காரர் யோசித்துச் சொல்வதாகப் போய்விட்டார்.

கிளம்பும்போது கன்னியப்பன் முனை வரை கூடவே வந்தார். உங்களை வரவழைத்து இப்படி வெயிலில் நிற்க வைத்துவிட்டேன், மூன்று அறுபதுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் மனத்துக்குள் போட்டு வைத்திருந்த அதே நாற்பதாயிரம், கேட்காமலேயே குறைந்தது. ஃபோனில் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிப் பேருந்து ஏறினேன்.

இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் அவரைக் கூப்பிட்டு, பிரேக் இல்லாதது எனக்கு முன்பே தெரியும் என்று சொன்னேன்.

"அத எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? பாவு என்னுதா?" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே பேருந்து, அதே ஐம்பது ரூபாய். இந்தத் தடவை தூங்கவில்லை, ஐயம்பேட்டையிலேயே இறங்கினேன். தெருவில் வேறு யாரோ ஒருவரின் பாவு நின்றது. அதை எடுக்கும் வரை முனையிலேயே நின்றுவிட்டு எட்டே முக்காலுக்குச் செல்வம் வீட்டுக்குப் போனேன். தேவி தறியில் இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முடிச்சு விழுந்த முதல் சேலையைக் கடைக்காரர் விலை கழித்துத்தான் எடுப்பார் என்றும், அந்த நஷ்டத்தைக் கன்னியப்பன் அன்று மாலையே கொடுத்துவிட்டார் என்றும் செல்வம் சொன்னார். தேவி தறியை நிறுத்தினார்.

"ஒரு வாரமா நாங்க அவங்க வூட்டோட பேசல" என்றார்.

என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் எழுந்து என்னைத் தாண்டிக்கொண்டு தெருவில் இறங்கி, எதிர்வீட்டுக்குள் போனார். செல்வமும் பின்னாலேயே போனார். ஓடாத தறிக்கு முன்னால் நான் தனியாக நின்றேன்.

அரை மணி கழித்துக் கன்னியப்பனைப் பார்த்தேன். நஷ்டப் பணத்தைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். காரைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"வண்டி இருக்குது சார். உங்களுக்கு இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை, ஷேர் ஆட்டோவில் இடமில்லை என்பதைப் போலச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். நெசவுத் தெருக்களுக்கு வண்டியில் போவதானால் ஒன்பது மணிக்கு மேல் போங்கள், முன்னால் போனால் முனையிலேயே நிறுத்துங்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஐயம்பேட்டையில் அலையாமல் காஞ்சிபுரம் போய்விடுவது நல்லது. பிரேக்கைச் சரிசெய்ய எழுபதாயிரமாவது ஆகும், தரைத்தகடு தனி. ஆனாலும் எஞ்சின் சுற்றுகிறது, மூன்று அறுபதுக்கு அது நல்ல வண்டிதான். நேர்மையாகப் பேசி வாங்குகிறவர்கள் எனக்கு எழுதுங்கள், வழி சொல்கிறேன். பார்க்கப் போனால் முதலில் பிரேக்கை மிதியுங்கள். பெடல் உள்ளே போனால், காலை எடுப்பதற்கு முன்னால் கன்னியப்பனிடம் சொல்லிவிடுங்கள்.